ஃபோலேட் வளர்சிதைமாற்ற மரபுத்திரிபுகள்

ஃபோலேட் வளர்சிதைமாற்ற மரபுத்திரிபுகள் என்பன, ஃபோலேட் எனப்படும் உயிர்ச்சத்து பி9-ஐ உடல் உறிஞ்சுவதிலும், வேதிமாற்றம் செய்வதிலும், பயன்படுத்துவதிலும் பங்குபெறும் மரபணுக்களில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாடுகள் ஆகும். இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் உள்ள சி677டி திரிபு. இது நோயன்று, உலக மக்களில் பெரும் பகுதியினரிடம் காணப்படும் இயல்பான வேறுபாடு. ஆயினும் கருவின் நரம்புக்குழாய்க் குறைபாடு, குருதியில் ஓமோசிசுட்டீன் மிகுதல், சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. இதே மரபணுவில் ஏற்படும் வேறு சில அரிய பிறழ்வுகள் குழந்தைப் பருவத்திலேயே கடும் நோயை விளைவிக்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பொதுமக்களிடையே பரவலாக உள்ளது.

ஃபோலேட் ஆய்வின் வரலாற்றில் இந்தியாவுக்கும், குறிப்பாகப் பழைய சென்னை மாகாணத்துக்கும், பெரும் பங்கு உண்டு. மும்பை, குன்னூர், சென்னை, வேலூர் ஆகிய ஊர்கள் இவ்வரலாற்றில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன.

சொற்பொருள்

ஃபோலேட் என்பது இயற்கை உணவில் உள்ள பல ஒத்த சேர்மங்களின் பொதுப்பெயர். ஃபோலிக் அமிலம் என்பது மாத்திரைகளிலும் செறிவூட்டப்பட்ட உணவிலும் சேர்க்கப்படும் செயற்கை வடிவம். இலத்தீனில் இலையைக் குறிக்கும் 'ஃபோலியம்' என்னும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 1941இல் அமெரிக்காவின் டெக்சாசு பல்கலைக்கழகத்தில் மிட்செல், சுனெல், வில்லியம்சு ஆகியோர் ஏறத்தாழ நான்கு டன் பசலைவகைக் கீரையிலிருந்து இதன் செறிவைப் பிரித்தெடுத்து இப்பெயரைச் சூட்டினர்.

உடலில் ஃபோலேட்டின் பணி

ஃபோலேட் ஒரு சுமைதாங்கி மூலக்கூறு. ஒரே ஒரு கரிம அணுவைக் கொண்ட சிறு தொகுதிகளை ஓரிடத்தில் ஏற்றிக்கொண்டு வேறிடத்தில் இறக்குவதே இதன் வேலை. இறக்கப்படும் இடங்கள் முதன்மையாக இரண்டு. ஒன்று, டி.என்.ஏ.வின் கட்டமைப்புக் கூறுகளை உருவாக்கும் இடம். மற்றொன்று, ஓமோசிசுட்டீன் என்னும் அமினோ அமிலத்தை மெத்தியோனினாக மாற்றும் இடம். மெத்தியோனினிலிருந்து உருவாகும் எசு-அடினோசைல் மெத்தியோனின், டி.என்.ஏ., புரதம், கொழுப்பு முதலிய நூற்றுக்கும் மேற்பட்ட இலக்குகளுக்கு மெத்தில் தொகுதியை வழங்குகிறது.

இவ்விரு வழிகளும் பிரியும் சந்தியில் நிற்பது 5,10-மெத்திலீன் டெட்ரா ஐதரோ ஃபோலேட். சென்னையிலிருந்து வரும் தொடர்வண்டி செங்கல்பட்டுச் சந்திப்பில் விழுப்புரம் நோக்கியும் செல்லலாம், காஞ்சிபுரம் நோக்கியும் திரும்பலாம் என்பதைப் போல, இம்மூலக்கூறு டி.என்.ஏ. வழியிலும் செல்லலாம், மெத்தில் வழியிலும் செல்லலாம். மெத்தில் வழிக்குத் திருப்பிவிடும் நொதியே மெத்திலீன் டெட்ரா ஐதரோ ஃபோலேட் ரிடக்டேசு, சுருக்கமாக எம்.டி.எச்.எஃப்.ஆர். உவமை இதற்கு மேல் பொருந்தாது. உயிரணுவுக்குள் இக்கிளைப் பாதையில் சென்றது அதே வழியில் திரும்பி வர இயலாது. அது 5-மெத்தில் டெட்ரா ஐதரோ ஃபோலேட்டாக மாறியபின், தன் மெத்தில் தொகுதியை ஓமோசிசுட்டீனிடம் இறக்கிவைத்தால்தான் விடுபடும். அவ்வாறு இறக்கிவைக்க மெத்தியோனின் சிந்தேசு என்னும் நொதியும், அதன் துணைக்காரணியாக உயிர்ச்சத்து பி12-உம் தேவை.

பி12 இல்லாவிடில் ஃபோலேட் முழுவதும் மெத்தில் வடிவில் சிறைப்பட்டுவிடும். உடலில் ஃபோலேட் இருந்தும் டி.என்.ஏ. உருவாக்கத்துக்குக் கிடைக்காது. இது 'மெத்தில் பொறி' எனப்படுகிறது. 1962இல் முன்வைக்கப்பட்ட இக்கருத்து, பி12 குறைபாடும் ஃபோலேட் குறைபாடும் ஒரே வகை இரத்தசோகையை ஏன் உண்டாக்குகின்றன என்பதை விளக்கியது. இந்தியச் சூழலில் ஃபோலேட் மரபுத்திரிபுகளைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

கண்டுபிடிப்பு வரலாறு

லூசி வில்சு

ஆங்கிலேய இரத்தவியல் அறிஞர் லூசி வில்சு (1888–1964) 1928இல் இந்தியா வந்தார். கருவுற்ற பெண்களைத் தாக்கிய கடும் இரத்தசோகை ஒன்றை ஆராய்வது அவருடைய பணி. மும்பையில் ஆஃப்கின் நிறுவனத்தில் இவ்வாய்வைத் தொடங்கினார். நோய் பெரும்பாலும் ஏழைப் பெண்களிடம், சிறப்பாகத் துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் காணப்பட்டது. இவர்களுடைய சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரியனவாக இருந்தன. ஆனால் எண்ணிக்கையில் மிகக் குறைந்திருந்தன.

வில்சு முதலில் நோய்க்கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் உணவின் மீது ஐயம் திரும்பியது. நோயுற்ற பெண்களின் உணவை ஒத்த உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் இரத்தசோகை வந்தது. ஆனால் அதற்குக் காரணம் எலிகளின் பேன்கள் பரப்பிய பார்ட்டொனெல்லா என்னும் நுண்ணுயிரி எனப் பிறகு தெரியவந்தது. ஓர் ஆய்வு எவ்வளவு எளிதில் தவறான தடத்தில் செல்லக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அடுத்து அவர் குரங்குகளிடம் சோதனை செய்தார். அவற்றுக்கு ஏற்பட்ட இரத்தசோகை, விலை மலிவான ஈசுட்டுச் சாறான மார்மைட்டு கொடுத்தவுடன் நீங்கியது. நோயுற்ற பெண்களும் அதனால் குணமடைந்தனர்.

1929இல் வில்சு தம் பணியை நீலகிரியில் குன்னூரில் உள்ள பாசுட்டர் நிறுவனத்துக்கு மாற்றினார். அங்கு இராபர்ட்டு மெக்காரிசன் தலைமையில் ஊட்டச்சத்து ஆய்வு நடந்துவந்தது. 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த கோசா மருத்துவமனையில் (பின்னாளில் கசுத்தூர்பா காந்தி அரசு மகப்பேறு மருத்துவமனை) பணியாற்றினார். அவ்வாண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. ஈசுட்டிலும் கல்லீரலிலும் இருந்த இனம் தெரியாத அப்பொருள் சில காலம் 'வில்சு காரணி' என்றே அழைக்கப்பட்டது. அதுவே ஃபோலேட்.

எல்லாப்பிரகட சுப்பாராவ்

ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948). அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார் என்றும், முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எசு. சான்றிதழே அவருக்குக் கிடைத்தது என்றும் அவர் வரலாறு கூறுகிறது. அமெரிக்கா சென்று ஆர்வர்டில் ஆய்வு செய்தபின் லெடர்லி ஆய்வகத்தின் ஆய்வுத் தலைவரானார். அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் வெப்பமண்டல சுப்புரூ என்னும் குடல் நோயால் இறந்தவர். அந்நோய்க்கு மருந்தாகப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் பயன்பட்டது.

லெடர்லி குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தின் தொகுப்பை அறிவித்தது. அம்மூலக்கூறைச் சிறிது மாற்றி, ஃபோலேட்டின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் பொருளையும் அக்குழு உருவாக்கியது. 1948இல் பாசுட்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனைக் கொண்டு குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்று வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட்டு இதன் நெருங்கிய உறவுப் பொருளாகும்.

வேலூர்

1960களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாதன் ஆகியோர் அப்பகுதிச் சிற்றூர்களில் கொள்ளைநோய் போலப் பரவிய வெப்பமண்டல சுப்புரூவை ஆராய்ந்தனர். குடல் பழுதுபட்டதால் ஃபோலேட்டும் பி12-உம் உறிஞ்சப்படாமல், நோயாளிகளுக்குப் பேரணு இரத்தசோகை ஏற்பட்டது. உணவில் சத்து இருந்தாலும் உடலுக்குள் சேராமற்போகலாம் என்பதை இவ்வாய்வுகள் தெளிவாக்கின. ஆனால் குடல் நலமாக இருக்கும்போதும் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஃபோலேட் பயன்பாட்டில் வேறுபாடு இருப்பது ஏன் என்னும் கேள்விக்கு விடை காண மரபணுவியல் வளரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு

இம்மரபணு முதலாம் நிறப்புரியின் குறுங்கையில் அமைந்துள்ளது. இது குறியீடு செய்யும் நொதி 656 அமினோ அமிலங்களைக் கொண்டது. உயிர்ச்சத்து பி2-இலிருந்து (ரைபோஃபிளேவின்) உருவாகும் எஃப்.ஏ.டி. என்னும் துணைக்காரணியைப் பற்றிக்கொண்டு செயல்படுவது.

1988இல் சிகாகோவில் சூ-சாங் காங்கு குழுவினர், வெப்பப்படுத்தினால் எளிதில் செயலிழக்கும் ஒரு வகை எம்.டி.எச்.எஃப்.ஆர். நொதியைச் சிலரிடம் கண்டனர். 1994இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரீமா ரோசன் குழுவினர் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டே அவ்வெப்ப நலிவுக்குக் காரணமான மாற்றத்தையும் கண்டறிந்தனர்.

சி677டி

மரபணுவின் 677ஆம் இடத்தில் சைட்டோசினுக்குப் பதிலாகத் தைமின் இருப்பது இத்திரிபு. இதனால் புரதத்தின் 222ஆம் இடத்தில் அலனினுக்கு மாற்றாக வாலின் அமைகிறது. ஒவ்வொருவருக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு படிகள் இருப்பதால் சிசி, சிடி, டிடி என மூன்று மரபுவகைகள் உண்டாகின்றன. சிசி வகையின் நொதிச் செயல்திறனை 100 எனக் கொண்டால், சிடி வகைக்கு ஏறத்தாழ 65, டிடி வகைக்கு ஏறத்தாழ 30 என ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

இவ்வெண்களைத் தனியே பார்த்தால் அச்சம் தோன்றும். உடலுக்குள் நிலைமை வேறு. மாறிய நொதியின் குறை, அது எஃப்.ஏ.டி.யை எளிதில் நழுவவிடுவதே. போதுமான ஃபோலேட் கிடைக்கும்போது அது நொதியோடு இணைந்து எஃப்.ஏ.டி.யை நழுவாமல் காக்கிறது. ஆகவே டிடி வகையினரிடமும் ஃபோலேட் நிறைந்திருந்தால் ஓமோசிசுட்டீன் பெரிதும் உயர்வதில்லை. ரைபோஃபிளேவின் கூடுதலாகக் கொடுத்தபோது டிடி வகையினரிடம் மட்டும் ஓமோசிசுட்டீன் குறைந்ததை அயர்லாந்து ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர். மரபணு ஒன்றின் விளைவை ஒரு சத்து ஈடுசெய்யும் என்பதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டாக இது கூறப்படுகிறது.

ஏ1298சி

1298ஆம் இடத்தில் அடினினுக்குப் பதில் சைட்டோசின் அமைவது. புரதத்தின் 429ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் அலனினாகிறது. 1998இல் விவரிக்கப்பட்ட இத்திரிபின் விளைவு சி677டி-ஐ விட மிகச் சிறியது. தனியே இது ஓமோசிசுட்டீனை உயர்த்துவதாகத் தெரியவில்லை.

பிற மரபணுக்கள்

மெத்தியோனின் சிந்தேசு (எம்.டி.ஆர்.), அதனை மீளச் செயற்படுத்தும் நொதி (எம்.டி.ஆர்.ஆர்.), ஃபோலிக் அமிலத்தைப் பயன்படு வடிவமாக ஒடுக்கும் டி.எச்.எஃப்.ஆர். ஆகியவற்றிலும் பரவலான திரிபுகள் உள்ளன; அவற்றின் தனி விளைவு சிறிது. அரிதானவையும் கடுமையானவையும் வேறு. சிறுகுடலில் ஃபோலேட்டை உள்ளிழுக்கும் கடத்திப் புரதத்தின் மரபணு 2006இல் இனங்காணப்பட்டது. அதன் இரு படிகளும் பழுதுபட்டால் பிறவி ஃபோலேட் உறிஞ்சாமை நோய் ஏற்படுகிறது. மூளைக்கு ஃபோலேட்டைக் கொண்டுசெல்லும் ஏற்பியின் மரபணு பழுதுபட்டால், குருதியில் ஃபோலேட் இயல்பாக இருந்தும் மூளையில் குறைபாடு உண்டாகிறது.

மக்களிடையே பரவல்

சி677டி திரிபின் பரவல் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுகிறது. 2003இல் வெளியான, பல நாடுகளின் பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்த ஆய்வொன்றில் டிடி வகை மெக்சிக்கோவில் 32 விழுக்காடு, இத்தாலியின் காம்பானியாவில் 26 விழுக்காடு, வட சீனாவில் 20 விழுக்காடு எனக் காணப்பட்டது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது மிகக் குறைவு.

இந்தியரிடம், சிறப்பாகத் தென்னிந்தியரிடம், டிடி வகை குறைவாகவும் ஏ1298சி திரிபு மிகுதியாகவும் உள்ளன. தமிழரிடையே நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வும் இதையே காட்டியது. அதாவது, இணையத்தில் எம்.டி.எச்.எஃப்.ஆர். குறித்துக் கிடைக்கும் எச்சரிக்கைகளுள் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க மக்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்துவது சரியன்று.

உறவுமுறைத் திருமணமும் மரபுவகைக் கணக்கும்

தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் ஆகியோரை மணப்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். 2019–21 காலத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவில் மணந்தவர்கள். காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களில் தொழில், தறி, வீடு ஆகியவை குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்ததால் இவ்வழக்கத்துக்குப் பொருளியல் காரணமும் இருந்தது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு திரிபின் பரவல் 10 விழுக்காடு எனக் கொள்வோம். உறவில்லாதோர் மணந்தால் பிள்ளைகளில் 100க்கு 1 வீதம் இரு படிகளும் திரிபுற்றவராக இருப்பர். தாய்மாமனை மணந்தால் இது 100க்கு ஏறத்தாழ 2 ஆகும். மாற்றம் பெரிதன்று. இப்போது, 500 படிகளுக்கு 1 வீதமே உள்ள ஓர் அரிய கடும் பிறழ்வை எடுத்துக்கொள்வோம். உறவில்லாத் திருமணத்தில் நோயுறும் வாய்ப்பு 2,50,000இல் 1. தாய்மாமன் திருமணத்தில் அது ஏறத்தாழ 4,000இல் 1. அறுபது மடங்குக்கும் மேல். உறவுத் திருமணம் பரவலான திரிபுகளின் விளைவைச் சிறிதே கூட்டுகிறது. அரிய நோய்களின் வாய்ப்பையோ பன்மடங்காக்குகிறது. மரபியல் ஆலோசனையில் முதன்மையாகக் கருதப்பட வேண்டியது இரண்டாவதே.

கடும் எம்.டி.எச்.எஃப்.ஆர். குறைபாடு

நொதியின் செயல்திறன் மிகக் குறைந்த அளவுக்கு வீழ்ந்துவிடும் இந்நோய் 1972இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இதற்குக் காரணம் சி677டி அன்று; மரபணுவின் வேறு இடங்களில் நேரும் நூற்றுக்கும் மேற்பட்ட அரிய பிறழ்வுகள். பால்குடிக்க மறுத்தல், தசைத் தளர்ச்சி, வலிப்பு, மூச்சுத் தடைபடல், தலை வளர்ச்சி குன்றல் ஆகியன கைக்குழந்தைகளிடம் தோன்றும் அறிகுறிகள். சிலருக்கு இளமைப் பருவத்தில் நடைத் தடுமாற்றமும் மனநோய் போன்ற அறிகுறிகளும் முதலில் தலைகாட்டுகின்றன.

குருதியில் ஓமோசிசுட்டீன் மிக உயர்ந்தும் மெத்தியோனின் குறைந்தும் இருப்பது இதன் தனி அடையாளம். ஓமோசிசுட்டினூரியாவின் மற்றொரு, கூடுதலாக அறியப்பட்ட வகையில் மெத்தியோனின் உயர்ந்திருக்கும், மருத்துவமும் வேறு. எனவே இரண்டையும் அளந்தறிவது தேவையாகிறது. பீட்டெயின் என்னும் பொருளைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் உயிரையும் மூளையையும் காக்க இயலும். காலம் தாழ்ந்தால் ஏற்பட்ட பாதிப்பு மீள்வதில்லை. நரம்பு வளர்ச்சி குன்றிய குழந்தைக்குக் காரணம் தெரியாதபோது ஓமோசிசுட்டீன் அளவு பார்ப்பது, செலவு குறைந்ததாயினும், பல வேளைகளில் விடுபட்டுப் போகிறது.

சிரிப்பு வளி எனப்படும் நைட்ரசு ஆக்சைடு பி12-ஐச் செயலிழக்கச் செய்யும். இக்குறைபாடு இருப்பது அறியாமல் அவ்வளியால் மயக்கமூட்டப்பட்ட குழந்தை ஒன்று இறந்ததை 2003இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது.

நரம்புக்குழாய்க் குறைபாடுகள்

கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மூடாவிடில் முதுகுத்தண்டுப் பிளவு, மண்டையின்மை முதலிய குறைபாடுகள் ஏற்படுகின்றன. இந்தியாவில் 1,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 வரை இவை நேர்வதாக 2013இல் வெளியான தொகுப்பாய்வு மதிப்பிட்டது.

முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற 1,817 பெண்களிடம் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உண்டவர்களிடம் குறைபாடு மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. அதே காலத்தில் இந்திய மருத்துவ ஆய்வு மன்றமும் பல மையங்களில் இத்தகைய சோதனையை நடத்திவந்தது. பிரித்தானிய முடிவு வெளியானதும், வெற்று மாத்திரை கொடுப்பது அறமாகாது என்பதால் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2000இல் வெளியான அதன் முடிவும், உயிர்ச்சத்து பெற்றோரிடம் மீள்நிகழ்வு பாதிக்கும் குறைவு எனக் காட்டியது. எனினும் சோதனைக்குட்பட்டோர் எண்ணிக்கை சிறிதாக இருந்தது.

தாய்க்கு டிடி வகை இருந்தால் இக்குறைபாட்டின் வாய்ப்பு ஓரளவு கூடுகிறது என 1995 முதல் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் இக்குறைபாடுடைய குழந்தைகளின் தாய்மாரில் பெரும்பாலோர் டிடி வகையினர் அல்லர். மேலும், ஒரே அளவு ஃபோலிக் அமிலம் உண்ணும்போது டிடி வகையினரின் குருதி ஃபோலேட், சிசி வகையினரைவிட 16 விழுக்காடு அளவே குறைவாக உள்ளது. எவ்வளவு ஃபோலிக் அமிலம் உண்கிறோம் என்பது மரபுவகையை விட வலிய காரணி. ஆகவே எல்லா மரபுவகையினருக்கும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்னும் ஒரே பரிந்துரையே உள்ளது. முன்பு குறைபாடுடைய குழந்தை பெற்றவர்களுக்கு மட்டும் மருத்துவர் கூடுதல் அளவு தருவர்.

இங்கு மரபணுவை விடப் பெரிய சிக்கல் நாட்காட்டிதான். தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் கருவுற்ற 12 வாரத்துக்குள் பதிவு செய்ய ஊக்குவிக்கிறது. மகப்பேறு நலத்தில் இது முன்னோடியான ஏற்பாடு. ஆனால் நரம்புக்குழாய் அதற்குப் பல வாரங்கள் முன்பே மூடியிருக்கும். 2018இல் தொடங்கிய இரத்தசோகையற்ற இந்தியா திட்டம் கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்ணப் பரிந்துரைக்கிறது. இருந்தும் பெரும்பாலோருக்கு மாத்திரை கைக்கு வருவது கருவுற்றது உறுதியான பிறகே. நான்காம் மாதத்தில் தொடங்கும் இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) தாயின் இரத்தசோகையைத் தடுக்கும்; நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்காது.

இக்காரணத்தாலேயே அமெரிக்கா 1998 முதல் தானிய மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு இதனால் கிடைப்பது 23 முதல் 38 மைக்ரோகிராம் மட்டுமே. 400 மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

உணவும் பி12 குறைபாடும்

முருங்கைக்கீரை, அரைக்கீரை, பச்சைப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, ஈரல் ஆகியவற்றில் ஃபோலேட் மிகுதி. இது நீரில் கரைவது, வெப்பத்தால் அழிவது. கீரையை வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பெரும்பங்கு வீணாகும். உளுந்தும் அரிசியும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவில் நுண்ணுயிரிகளே ஃபோலேட்டை உருவாக்குவதும் உண்டு. அவ்வகையில் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் வேகவைத்துப் படைக்கப்படும் கோயில் இட்லியும் ஃபோலேட் உணவே. ஆயினும் நெடுநேரம் வேகும்போது ஒரு பகுதி குறைந்துவிடும்.

பி12 அவ்வாறன்று. தாவர உணவில் அது இல்லை. இட்லி மாவின் புளிப்பிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைப்பதுமில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே பெற வேண்டும். புனேயில் 204 பேரிடம் நடத்தி 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வில் நான்கில் மூன்று பங்கினருக்கு ஓமோசிசுட்டீன் மிகுந்திருந்தது; முதன்மைக் காரணம் ஃபோலேட் குறைபாடன்று, பி12 குறைபாடு. ஓமோசிசுட்டீன் உயர்ந்திருப்பதைக் கண்டதும் எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுவைப் பழிப்பதற்கு முன், இந்தியாவில் பி12 அளவைப் பார்ப்பதே முறை.

இதில் இடர் ஒன்றும் உண்டு. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாக உண்டால் இரத்தசோகை மறையும். ஆனால் நரம்புச் சிதைவு மறைவாகத் தொடரும். கால் மரத்துப்போதல், நடை தடுமாறல் என வெளிப்படும்போது முழுதும் மீளாமற் போகலாம். இந்திய மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஃபோலிக் அமில மாத்திரை 5 மில்லிகிராம் அளவுடையது; அதாவது நாட்பரிந்துரையைப் போல் 12 மடங்குக்கும் மேல். புனேயில் சித்தரஞ்சன் யாச்னிக் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்தில் ஃபோலேட் மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது.

இதயநோய், பக்கவாதம், மருந்துகள்

ஓமோசிசுட்டீன் உயர்வு இதயநோய்க்குக் காரணம் என்னும் கருத்து 1990களில் வலுப்பெற்றிருந்தது. ஆனால் 2006இல் வெளியான இரு பெரிய சோதனைகளில், ஃபோலிக் அமிலம் கொடுத்து ஓமோசிசுட்டீனைக் குறைத்தும் மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் சற்று வேறுபடுகிறது. தானிய மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கப்படாத சீனாவில் 20,702 உயர் இரத்த அழுத்த நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட சோதனையில், இரத்த அழுத்த மருந்துடன் ஃபோலிக் அமிலமும் பெற்றவர்களுக்கு முதல் பக்கவாதம் 3.4 விழுக்காட்டிலிருந்து 2.7 விழுக்காடாகக் குறைந்தது.

மெத்தோட்ரெக்சேட்டு பெறுவோரிடம் சி677டி திரிபு வாய்ப்புண், கல்லீரல் நொதி உயர்வு முதலிய பக்கவிளைவுகளைக் கூட்டுவதாகச் சில ஆய்வுகளும், அவ்வாறில்லை எனச் சில ஆய்வுகளும் கூறுகின்றன. இதனால் மருந்தளவை முடிவுசெய்ய இச்சோதனை வழக்கமாகச் செய்யப்படுவதில்லை.

மரபணுச் சோதனையின் பயன்

தொடர் கருச்சிதைவுக்குப் பின் குருதி உறைவுச் சோதனைத் தொகுப்புடன் எம்.டி.எச்.எஃப்.ஆர். சோதனையும் எழுதித்தரப்படுவது இந்திய நகரங்களில் காணப்படும் வழக்கம். சிடி என முடிவு வந்தால், அது மக்களிடம் இயல்பாக உள்ள வகை என்பதை அறியாமல், கருச்சிதைவுக்குத் தன் உடலே காரணம் எனப் பெண்கள் எண்ணி வருந்துவதுண்டு. சில குடும்பங்களில் பழியும் அவர்கள் மேலேயே விழுகிறது. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. திரிபு தந்தையிடமிருந்தும் வருவதே. கருச்சிதைவு, குருதி உறைவு ஆகியவற்றுக்காக இச்சோதனையைச் செய்ய வேண்டியதில்லை என அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இல் வழிகாட்டியது. ஓமோசிசுட்டீனும் பி12-உம் அளப்பது செலவு குறைந்தது, செயலுக்கு உதவுவது.

டிடி வகையினர் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்த இயலாது, மெத்தில் ஃபோலேட்டே உண்ண வேண்டும் என்னும் விளம்பரங்களும் உண்டு. இக்கூற்று தவறு. டிடி வகையினரும் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்துகின்றனர். நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுப்பதாகச் சோதனைகளில் நிறுவப்பட்டது ஃபோலிக் அமிலம் மட்டுமே; மெத்தில் ஃபோலேட்டுக்கு அத்தகைய சோதனைச் சான்று இல்லை.